இருநூற்றுப் பன்னிரண்டு

பூப்பந்துக் கோடுகள் மேல்தான் மேசை போட்டிருந்தார்கள்.
இருபத்தைந்து சீட்டுக்கு ஒரு ரப்பர் வளையம்.
விடிகாலை இரண்டேகாலுக்கு
எதிர்மேசையில் கட்டுகள் உயர்வதை
முதலில் பார்த்தவள் டெக்வென்.
சொல்லவில்லை.
தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தாள்,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல.

இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கு.
மறுபடி எண்ணச் சொன்னோம்.
இருநூற்றுப் பதினான்கு ஆனது.
முதல் எண்ணையே வைத்துக்கொள்ளலாமா என்று
வேட்பாளர் நெரிஸ் என் காதில் கேட்டாள்;
சிரித்துவிட்டோம்,
அந்த இரவில் அது ஒன்றுதான் சிரிப்பு.

கழுதையை நிறுத்தினாலும் ஜெயிக்கும் கட்சி என்பார்கள்
இந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில்.
எழுபத்தொன்பது வருடம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம்.
கேலி கழுதையையா
ஓட்டுப் போடுகிறவரையா என்று யோசிக்க
ஒரு தோல்வி தேவைப்பட்டது.

கார்டிஃபிலிருந்து ஒரு பையன் பேசினான்.
படிப்பினைகள், என்றான்.
மழையால் இருக்குமோ, என்றான்.
இங்கே மழை பெய்யாத தேர்தல் எது, தம்பி?

திங்கட்கிழமை
அடுமனைக்கு மேலிருக்கும் அலுவலகத்தைத் திறந்தேன்.
நகல் இயந்திரத்துக்கு இன்னும் பதினேழு மாத வாடகை.
கொடுக்காத துண்டறிக்கை நான்கு பெட்டி,
எல்லாவற்றிலும் நெரிஸ்
ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருக்கிறாள்.
கீழிருந்து ரொட்டி வாசனை
என்றும்போல, வெட்கமில்லாமல்.

வீடு வீடாகப் போன தாள்களை விரித்தேன்.
நமக்குத்தான் என்றால் பச்சை,
தெரியவில்லை என்றால் மஞ்சள்,
இல்லை என்றால் சிவப்பு.
மேல் குவாரித் தெரு முழுக்கப் பச்சை,
என் கையால் போட்டது.

பதினான்காம் எண்: 'உள்ளே வாங்க, நனையறீங்களே.'
பச்சை.
இருபத்திரண்டு: 'சுரங்கம் மூடினப்போ
எங்கப்பாவோட நின்னது நீங்கதான்.'
பச்சை.
முப்பத்தொன்று: நாய் என் கையை நக்கியது.
அதற்கும் பச்சை போட்டிருக்கிறேன், கடவுளே.

யாரும் பொய் சொல்லவில்லை.
அவர்கள் நன்றி சொன்னார்கள்.
நன்றிக்குத் தனியாக
ஒரு பேனா நாங்கள் வாங்கவில்லை.
செத்துப்போன அப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தோம்
உயிரோடிருந்த மகள்கள் கதவு திறந்தபோது.

தொலைபேசி அடித்தது.
'நான் ப்ரோன்வின் ஹவெல்.
உங்களுக்குப் போடல. முன்னாடியே சொல்லிடறேன்.
ஜெயிச்சவங்க நம்பர் யார்கிட்டயும் இல்ல.
பையன் படுக்கிற அறையில
சுவர் பூரா பூஞ்சை,
ராத்திரியெல்லாம் இருமறான்.'

எழுபத்தொன்பது வருடமாக
இந்த இடத்தில் எங்களுக்கு ஒரே கேள்விதான்:
உங்களை நம்பலாமா?
அது நாக்கு நுனிவரை வந்தது.

துண்டறிக்கை ஒன்றைத் திருப்பிப் போட்டு,
வெற்றுப் பக்கத்தில்,
கைக்கு அகப்பட்ட பேனாவால்
முகவரி எழுதினேன்.
இருபத்திரண்டு, மேல் குவாரித் தெரு.

'எந்தச் சுவர்?' என்று கேட்டேன்.
'வடக்குப் பக்கமா?'