ஏலத்தில் எடுத்த வண்டி

பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸாக ஓடிய வண்டி.
அயனாவரத்தில் எங்கள் சந்துக்குள் நுழைந்த அன்று
பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.
யாருக்கு என்ன ஆச்சு என்று
மூன்று மாடியிலும் தலைகள்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
எங்களுக்கு டூர் போகும் ஆசை, அவ்வளவுதான்.

பழவேற்காடு ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
காலையில் போனால் மாலையில் திரும்பிடலாமே,
இதுக்கு எதுக்கு வீட்டுக்குச் சக்கரம் கட்டுறே
என்றான் தம்பி.
திரும்பிடலாம் என்பதுதானே சிக்கல்.
இருபத்தாறு வருஷமாய்
எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள்
திரும்பிவிட்டோம்.

தணிகாசலம் ஐ.சி.எஃப்பில் பெர்த் பொருத்துகிறவர்.
கன்னியாகுமரிக்கும் கௌஹாத்திக்கும் போகிறவர்களுக்குப்
படுக்கை முடுக்கிய கை
ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில்
எங்களுக்கென்று இரண்டு முடுக்கியது.
கீழ் பெர்த் எனக்கு, முட்டி வலி.
மேலே எழுந்தால் தலை இடிக்கும் என்று
அளந்து சொன்னவரும் அவர்,
இடித்துக்கொண்டவரும் அவர்.

ஆக்சிஜன் நின்ற வளையத்தில்
ஐந்து கிலோ கேஸ் கச்சிதமாய் உட்கார்ந்தது.
குளுக்கோஸ் பாட்டில் கொக்கியில் வெங்காயக் கூடை.
ஸ்ட்ரெச்சர் ஓடிய தண்டவாளத்தை மட்டும்
பிடுங்க முடியவில்லை.
மேலே பலகை வைத்தோம். இழுத்தால் சாப்பாட்டு மேசை.
முதல் தடவை அதில் தோசை வைத்தபோது
இருவரும் கொஞ்ச நேரம் கை நீட்டவில்லை.
பிறகு, ஆறிப்போகுமே என்று தின்றோம்.

டைரியின் பின்பக்கத்தில் என் கணக்கு:
தண்ணீர் நாற்பது லிட்டர்.
கொசுவலை இரண்டு.
கழிப்பறை என்ற வரியை மட்டும்
நான்கு முறை அடித்து எழுதியிருக்கிறேன்.

படகுக்காரர் செய்யது மீரான் போனில் சொன்னார்:
ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திக்கலாம்.
வாடகை?
"நண்டு வாங்குங்க, போதும்."
பூநாரை வருமா?
"அது என்னைக் கேட்டா வருது?"
வைக்கப் போனவர் நிறுத்திச் சொன்னார்:
"வண்டி மூஞ்சி ரோட்டைப் பாத்து நிக்கட்டும்மா.
முகத்துவாரம் தொறந்திருந்தா
தண்ணி சொல்லிட்டு ஏறாது."
இதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

வெள்ளைக்கு மேல் இரண்டு கோட் மாம்பழ மஞ்சள்.
ஆனாலும் வெயில் சாய்ந்து விழுந்தால்
முகப்பில் அந்த எழுத்துகள்
இடம் வலம் மாறி எழுந்து வரும்.
கொன்னூர் ஹை ரோட்டில் சோதனை ஓட்டம்.
முன்னால் போன ஷேர் ஆட்டோ
கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சட்டென்று ஒதுங்கியது.
அடுத்து ஒரு ஸ்கூட்டர். அடுத்து
தண்ணி லாரியே.
ஐயோ, சும்மாதாங்க போறோம் என்று
தலையை நீட்டிக் கத்தினேன்.
யார் காதில் விழும்?
பிறந்ததிலிருந்து முதல் முறையாக
இந்த ஊர் எனக்கு வழி விட்டது,
அதுவும் ஆள் தெரியாமல்.
மூன்றாவது கோட்டுக்கு வாங்கிய டப்பாவை
அவர் இன்னும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை.
சந்திலேயே வண்டிக்குள் படுத்தோம்.
ஏரி என்று நினைத்துக்கொள் என்றார்.
பக்கத்தில் சாக்கடை, நினைத்துக்கொண்டேன்.
இரண்டு மணி இருக்கும்.
கதவில் உள்ளங்கை அடிக்கும் சத்தம்.
சலவைக்கடை ஏகாம்பரத்தின் மகன்.
"அப்பாவுக்கு மூச்சு...
வண்டி வருமாண்ணே?"

என் போர்வை இன்னும் சூடாக இருந்தது.
அதன்மேலேயே அவரைக் கிடத்தினோம்.
வெங்காயக் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு
கீழ்ப்பாக்கம் வரை அவர் நெஞ்சையே பார்த்தேன்.
ஏறியது, இறங்கியது, ஏறியது.
ரோட்டில் ஒதுங்குவதற்கு
ஒருவர்கூட இல்லை.

விடிவதற்குள் திரும்பிவிட்டோம், வழக்கம் போல.
கீழ் பெர்த்துக்கு அடியில்
தேய்ந்த ரப்பர் செருப்பு, இடது கால்.
பட்டியலில் தண்ணீருக்கும் மேலே
இடுக்கிக்கொண்டு எழுதினேன்:
செருப்பு. ஏழாம் வார்டு. மாலை நாலு மணிக்கு மேல்தான்
உள்ளே விடுவார்கள்.
பழவேற்காடு அதற்கப்புறம்.