மூன்று குறுக்கம்

ஐப்பசி பத்தொன்பது. ராத்திரி பெய்தது
நாலு மணி நேரந்தான்.
விடிந்ததும் நரிப்பையூர் மேட்டுக்காட்டில்
போய் நிற்கிறேன்:
முண்டு மிளகாய் நாற்று ஒவ்வொன்றும்
வேரை வெளியே காட்டிக்கொண்டு
காற்றில், கூச்சமில்லாமல்.

பூவலிங்கம் டிராக்டரைச்
சரிவோடு சரிவாகவே விட்டான்.
குறுக்கே ஓட்டினால் திருப்பம் அதிகம்,
இருநூறு கூடும் என்றான்.
இருநூறை மிச்சம் பிடித்தேன்.
ஒவ்வொரு சாலும் கடலுக்கு வழி கேட்டது.
காசு கொடுத்து நானே காட்டியிருக்கிறேன்.

மேலே விரல் அகலம்.
நடுக்காட்டில் முழங்கை.
வேலியோரம் ஆள் இறங்கி நிற்கலாம்.
இறங்கி நின்றேன், இடுப்பு வரை.
பக்கச்சுவரில் சரளை,
ஒரு நத்தைக்கூடு,
போன வருஷத்து யூரியா சாக்கின் நூல்.
சர்வே கல் சாயவில்லை;
காலடி மண் போனதில்
வளர்ந்த மாதிரி இருக்கிறது.

குத்தகைப் பத்திரத்தில் மூன்று குறுக்கம்.
நீளம் உண்டு, அகலம் உண்டு,
ஆழம் எழுத இடம் விடவில்லை.

கீழ்க்காடு அரியநாச்சியுடையது.
அவள் பருத்திக்குள் என் மண்
கணுக்கால் ஆழம் படிந்து கிடக்கிறது,
ஆட்டுக்கிடை போட்ட மூவாயிரத்தோடு.
என் நாற்றில் பதினேழு
அங்கே போய் நிமிர்ந்து நிற்கின்றன.
முந்தானையை இறுக்கிக்கொண்டு
சண்டைக்குத்தான் போனேன்.
"அள்ளிக்கோ தாயி," என்றாள்,
"எம் பருத்தி மூச்சு முட்டிச் சாகுது."

மத்தியானம் மூக்கையூரிலிருந்து
சவேரியாள் போன்.
பாசி எடுக்க முங்கியவள்
பாதியில் கரையேறிவிட்டாளாம்.
"கடல் செக்கச்செவேல்னு கெடக்கு.
கண்ணாடி போட்டும் என் கையே தெரியல.
நாலு நாளைக்குத் தொழில் போச்சு.
உங்க பக்கம் நல்ல மழையோ?"
நல்ல மழை என்றேன்.

கருவேல முள்ளை வெட்டிப்
பள்ளத்துக்குக் குறுக்கே அடைத்தோம்.
பிறகு சட்டி சட்டியாய்
அவள் அள்ளிவிட, நான் சுமந்தேன் மேட்டுக்கு.
கிழக்கே மறுபடி கறுத்தது.
அறுபது வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

எந்தச் சட்டியிலோ அவள் கை நின்றது.
"இது ஒன்னோடதுதானா, நல்லாப் பாரு."

குதிரைவாலி முளை,
ஈரம் காயாமல், நாலைந்து.
நான் குதிரைவாலி விதைத்ததே இல்லை.

எனக்கு மேலே
முத்திருளன் காடு இருக்கிறது.