இரண்டு மில்லி துளை

வியாழன் இரண்டாகத் தெரிந்தபோது
முதலில் லாங் பஜார் கடைக்காரரைத்தான் திட்டினேன்.
எண்ணூற்றைம்பது ரூபாய்.
"கண்ணாடி அசல், மேடம்" என்றிருந்தார்.
ரோகிணிக்கு மேலும் கீழும் வால் முளைத்திருந்தது.
கார்த்திகைக் கூட்டமோ
தண்ணீர் பட்ட ரசீது.

காரணம் தேடுவது என் தொழில்.
ஆம்பூர்ச் சாலையில் ஷூ கம்பெனி,
கடைசி மேசை, செக்கிங்.
நாளுக்கு அறுநூறு ஜோடி
என் கண்ணைத் தாண்டித்தான் கப்பலேறும்.
தோலா, நூலா, ஊசியா, கையா,
குறை எங்கிருந்து வந்தது என்று எழுதாமல்
கையெழுத்துப் போட முடியாது.

ஆகவே ஒவ்வொன்றாகப் போனேன்.
லைனிங் துணியால் லென்ஸைத் துடைத்தேன்.
வால் இருந்தது.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மொட்டைமாடி இன்னும் கக்குகிறதோ என்று
இறங்கி ஏரிக்கரை வரை நடந்தேன்.
பேரணாம்பட்டின் மலைப்பாறைகளும் ஆறட்டும் என்று
பதினொரு மணி வரை கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.
நட்சத்திரங்களின் நடுக்கம் அடங்கியது.
வால் அடங்கவில்லை.

குழாய்கள் கோணிக்கொண்டிருக்கும் என்று
ஸ்க்ரூவைத் திருகப் போனவள்
ஒரு நினைப்பில் இடக்கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒற்றைக் கண்ணிலும் வியாழன் இரண்டு.
குழாய்தான் கோணல் என்றால்
இந்நேரம் ஒன்றாகியிருக்க வேண்டுமே.
ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டேன்.

மிச்சம் ஒரே சோதனை.
ஒரு குழாயை மட்டும் வலக்கண்ணில் வைத்து
மெல்ல, மெல்லத் திருப்பினேன்.
குறை கண்ணாடியில் என்றால் வாலும் கூடத் திரும்பும்.
திரும்பவில்லை.
பிறகு மதகுச் சுவரில் அதை அசையாமல் இருத்திவிட்டு
தலையைச் சாய்த்தேன்.
வால் என்னோடு சாய்ந்தது,
பெயர் சொன்னதும் எழுந்து வரும் நாயைப்போல.

தை மாதம் ஒரு பெட்டி திரும்பி வந்தது.
பதினெட்டு ஜோடி.
குதிகாலோரத்து இரட்டைத் தையலில்
ஒரு வரி விட்டுப்போயிருந்தது.
ஏகாம்பரம் சார் என்னைத்தான் கேட்டார்.
"நான் பாக்கும்போது ரெண்டு வரி இருந்துச்சு சார்.
நூல் பிரிஞ்சிருக்கும். நாலாவது மெஷின்,
டென்ஷன் சரியில்ல."
நாலாவது மெஷின் குணவதி.
மூன்று நாள் சம்பளம் போயிற்று அவளுக்கு.

நான் பொய் சொல்லவில்லை.
இரண்டைத்தான் பார்த்தேன்.

பைக்குள் கை விட்டால்
பஞ்ச் சரிபார்க்க எடுத்த தோல் துண்டு,
இரண்டு மில்லி துளைகள் வரிசையாக.
ஒரு துளையைக் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பிடித்தேன்.
வெளிச்சம் பாதிக்குமேல் போயிற்று.
கூடவே வாலும்.
ரோகிணி,
ஊசி குத்தின இடம்போல
ஒன்றே ஒன்று.

கம்பெனி பஸ் காலை ஆறு பத்துக்கு.
குணவதி மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் இருப்பாள்.
தை மாதத்திலிருந்து நான் பின்னால்தான் உட்காருகிறேன்.
துண்டைப் பர்ஸில் வைத்தாயிற்று.
எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.
"நேத்து ராத்திரி ஒரு நட்சத்திரம் பாத்தேன்" என்றால்
சிரிப்பாள்.
சிரிக்காமலும் இருப்பாள்.