மூன்று லிட்டர்

வாரத்துக்கு மூன்று லிட்டர், வீட்டுக்கு ஒரு அட்டை.
வில்லிவாக்கம் பங்க்கில்
எபினேசர் அதில் துளை போட்டுத் தருகிறான்.
மீட்டரைப் பாருங்க என்று
இப்போதெல்லாம் அவன் சொல்வதில்லை.
வரிசையே பார்க்கிறது.
குழாய் நுனியில் தொங்கும் சொட்டுக்காக
இன்னொரு தட்டு தட்டச் சொல்கிறார்
கறுப்புக் கோட்டு மாட்டிய வக்கீல்.

பாடி மேம்பால உச்சியில் இன்ஜினை அணைத்தால்
லூகாஸ் நிறுத்தம்வரை உருளலாம்,
பின்னால் லாரி வராத நாளில்.
சிக்னலில் எல்லோரும் அணைத்துவிடுகிறோம்.
முதல் வாரம் அந்த அமைதி
லிஃப்டுக்குள் நிற்பதுபோல் கூச்சமாக இருந்தது.
யாரோ இருமினார்கள்.

எஸ்டேட்டுக்கு என் பின்னால் உட்கார்ந்து வருகிறாள் சௌதாமினி.
புதன்கிழமை அவள் வண்டி.
ஆறு வருடம் பக்கத்து மேசைக்காரி;
அவளுக்குச் சர்க்கரை என்பதும்
நான் கண்டபடி பிரேக் போடுகிறேன் என்பதும்
இப்போதுதான் தெரியும்.

ஜலாலுதீன் சாரின் பெரிய கார்
உறை போர்த்திக் கிடக்கிறது, மேலே
பூனை குட்டி போட்டிருக்கிறது.
"கண்ணு தொறக்கட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்கிறார்,
ஏதோ பூனைக்காகத்தான் நிறுத்திவைத்ததுபோல.

இதையெல்லாம் சொல்ல வரவில்லை.

குணசீலனுக்குக் கோபம் வந்தால்
சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவான்.
எண்ணூர்வரை போவான், சில இரவு மீஞ்சூர்.
திரும்பும்போது சட்டையில் உப்புக்காற்று,
முகத்தில் எதுவுமே நடக்காத பாவனை.
அதற்குள் நான் தூங்கியிருப்பேன்,
அல்லது அப்படிக் கிடப்பேன்.
பதினோரு வருடச் சண்டையில்
ஒன்றுகூட முடிந்ததில்லை.
எல்லாம் அந்தச் சாலையில் எரிந்தன
லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் கணக்கில்.

வியாழன் இரவு
தங்கைக்குக் கொடுத்த பணம் எவ்வளவு என்று கேட்டேன்.
சாவி குலுங்கியது. படியிறங்கினான்.
கீழே வண்டியைச் சாய்த்து ஆட்டிப் பார்க்கிற சத்தம்.
டேங்கின் அடியில் களக், களக்.
அரை லிட்டருக்கும் குறைவு;
அடுத்த துளைக்கு இன்னும் மூன்று நாள்.
ஸ்டார்ட் ஆகும் என்று காத்திருந்தேன்.
தெருநாய் ஒன்று எழுந்து இடம் மாறிப் படுத்திருக்கும்,
அவ்வளவு நேரம்.

அப்புறம் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியாக.
கதவருகே நின்றான்.
"நாளைக்கு நீ வேலைக்குப் போகணுமே."

நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன்.
எவ்வளவு என்று மறுபடி கேட்டேன்.
முப்பத்தெட்டாயிரம் என்றான்.
நான் நினைத்திருந்தது இருபது.
இரண்டரை மணிவரை பேசினோம்,
பாதி நேரம் கத்தல்தான்,
ஜலாலுதீன் வீட்டில் விளக்கு எரிந்து அணைந்தது.
எங்கேயும் போக வழியில்லாமல்
முதல்முறையாக அவன் அழுததைப் பார்த்தேன்.
நல்லதாகவும் இல்லை அது.

காலையில் ரயிலுக்கு நடந்தே போயிருந்தான்.
சாவி மேசைமேல் கிடந்தது.
எனக்கென்று வைத்ததா, மறந்ததா,
கேட்கவேண்டும்.