முப்பத்தொன்றாவது கை

செம்பூரில் விடாத மழை.
கட்டடத்தின் கீழே, கார் நிறுத்துமிடத்தில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம்.
பொருள் எண் நான்கு:
பார்சல் கொண்டுவரும் பையன்கள்
இனி லிஃப்டில் ஏறக் கூடாது.

செயலாளர் பெட்னேகர் மராத்தியில் படித்தார்,
பிறகு இந்தியில்,
பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில்.
மூன்றிலும் எனக்குப் புரிந்தது.
எதிலும் நான் யோசிக்கவில்லை.
முன்வரிசையில் கைகள் எழுந்தன.
கொட்டாவி தொற்றுவதைப் போல
என் கையும் எழுந்தது.

முப்பத்தொன்று, என்று எண்ணி முடித்தார்.
அந்த ஒன்று நான்.

வியாழக்கிழமை நானே வரவழைத்த
ஐந்து கிலோ இட்லி அரிசி
ஆறு மாடி ஏறி வந்தது.
பையனின் மழைக்கோட்டு சொட்டி
வாசலின் ஸ்டிக்கர் கோலத்தில் தேங்கியது.
மூச்சு வாங்க ஓடிபி கேட்டான்.
நான்கு எண்கள் சொன்னேன்.
அவனோடு நான் பேசிய மொத்தப் பேச்சு அது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால்
கவிதைக்கு நன்றாக இருக்கும்.
தூங்கினேன்.
மறுநாள் பாத்திரம் துலக்கும்போதுதான்
நுரைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து
யாருடையதோ என்பதுபோல் பார்த்தேன்.

ஏன் தூக்கினாய்?

முதலில் வந்த பதில் என் கணவர் சபேசனின் குரலில்:
ஊரோடு ஒத்துப் போ.
அடுத்தது, காலையில் வந்த ஃபார்வர்டு:
திருட்டு பெருகிவிட்டது, உஷார்.
அதன் பின்னால்
டிவியில் தினமும் கத்துகிற அந்த மனிதர்.
ஒவ்வொருவரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.
கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால்
உள்ளே மீதமிருந்தது அழகாக இல்லை:

ஈர ரெக்சின் வாடை எனக்குப் பிடிக்காது.
அவ்வளவுதான்.
அதற்கும் அடியில், இன்னும் சின்னதாக,
கை தூக்காவிட்டால்
மிஸஸ் குடாலும் மற்றவர்களும்
காலை நடைக்கு என்னைக் கூப்பிடாமல் போய்விடுவார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில்
எனக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தது
இந்த இரண்டு அற்பம்.
ஆனாலும் எனது.
யாரும் அனுப்பி வந்ததில்லை.

மாலை பெட்னேகர் வீட்டு மணியை அடித்தேன்.
முழங்காலில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருந்தார்.
என் கையை இறக்க வேண்டும் என்றேன்.
எந்தக் கை?
முப்பத்தொன்றாவது.

என் இந்தி, தகர டப்பாவில் கூழாங்கல்.
இருபத்தேழு வருஷம் இந்த ஊரில்
காய்க்காரரிடம் பேரம், டாக்டரிடம் வயிற்றுவலி,
அதற்கு மேல் சுமை ஏற்றியதில்லை அதன்மேல்.
அன்று ஏற்றினேன்.
பயந்து தூக்கினேன், என்றேன்.
திருடனுக்கு இல்லை. உங்களுக்கு.
நீங்களெல்லாம் என்ன நினைப்பீர்களோ என்று.
அப்புறம் அந்த வாடை.
அதையும் சொன்னேன்,
மறைத்தால் மறுபடி வேறு யாரோ பேசுவதாகிவிடும்.

கோபிப்பார் என்று நின்றேன்.
பையை மற்ற முழங்காலுக்கு மாற்றினார்.
ஒரு மாடி ஏறத் தெம்பில்லாதவன்
அதை மூன்று மொழியில் வாசித்தேன்,
என்று என்னிடம் சொல்லவில்லை,
எதிர்ச் சுவரிடம் சொன்னார்.

ஒருமுறை எண்ணிய கையைக் குறைக்க
விதியில் இடமில்லையாம்.
தீர்மானம் தீர்மானம்தான்.
ஆனாலும் குறிப்பேட்டைத் திறந்தார்.
பி-602, கை இறக்கினார், காரணம்
என்றுவரை எழுதிய பேனா நின்றது.
தனக்கே இப்போதுதான் தெரிந்தது என்பதை
ஒரே சொல்லில் எப்படி எழுதுவது?
மராத்தியில் தேடினார். இந்தியில் தேடினார்.
உங்கள் பாஷையில் உண்டா என்றார்.

உணர்ந்தேன், என்றேன்.

உணர்தே, என்றார்.
இல்லை.
மறுபடி சொன்னேன்,
இந்த முறை மெதுவாக,
எனக்கும் சேர்த்து.