வெறுமையாய்த்தானே வாறாய்

மாலை ஏழரைக்குத்தான் திரவியநாதர் அழைப்பார்.
"உங்கட ஏழரை வந்திட்டுது" என்று
போனைத் தூக்கித் தருவாள் மனிசி.

"புத்தூரில பீற்றூட். எழுபது மூடை.
விடிய நாலுக்குத் தம்புள்ளையில நிக்கோணும்.
முப்பத்தெட்டு."

முப்பத்தெட்டுக்குப் பிறகு கொஞ்சம் பேசாமல் இருப்பார்.
அந்த இடைவெளியில்
நிரோஜனின் லொறி உறுமிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்கும்.
போன கிழமை அவன் முப்பத்தாறுக்குப் போனவன்.
அதற்கு முதல் கிழமை
நான் முப்பத்தைந்துக்குப் போனது அவனுக்கும் தெரியும்.

"ஓம் அண்ணை."

டீசல் இருபத்தொன்று.
கிளீனர் பெடியனுக்கு நாலு. ஏற்றுக்கூலி இரண்டு.
மாங்குளத்தில் தேத்தண்ணியும் ரோலும்.
பின்ரயர் ஒன்று வழுக்கை விழுந்து கிடக்கிறது,
அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை,
சேர்த்தால் சாவியைத் திருப்ப மனம் வராது.
இருபதாம் திகதி லீசிங்காரன் வருவான்.
அவன் நல்ல பிள்ளை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான்
லொறியைத் தூக்குவேன் என்று சொல்வான்.

திரவியநாதரைத் திட்டலாம் என்று
ஆனையிறவு தாண்டும்போதெல்லாம் வாயைத் திறப்பேன்.
உப்புக்காற்றுத்தான் உள்ளே போகும்.
ஓமந்தையில் கியர்பொக்ஸ் உடைந்த மழை இரவில்
மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு தானே வந்தவர்.
மகளுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
தோடம்பழப் பையோடு வந்து,
போகும்போது தலையணைக்கடியில் பத்தாயிரம் வைத்தவர்.
அவருடைய சீ.ஆர். கொப்பியில்
எல்லாருடைய கடனும் சிவப்பில் இருக்கிறது.
அந்தப் பத்தாயிரம் மட்டும் இல்லை.
எழுதிய கடனைக் கட்டி முடிக்கலாம்.
எழுதாததை
வருசக்கணக்காய் ஓடிக் கழிக்கிறேன்.

தம்புள்ளையில் கணக்குப்பிள்ளைக்கு நித்திரைக் கண்.
அவரிடம் போகவேண்டிய துண்டை என்னிடம் தந்துவிட்டான்.
சிங்களம் எனக்கு வாசிக்கத் தெரியாது.
ஆனால் என் லொறியின் இலக்கம் தெரிந்தது.
அதற்கு நேரே, லொறிக் கூலி:
ஐம்பத்தெட்டு.

துண்டை நாலாய் மடித்து
சந்நிதி முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன்.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது போன் அடித்தது.
"தம்பி, வரேக்கை வெறும் கூடை கொஞ்சம் ஏத்திக்கொண்டு வா.
வெறுமையாய்த்தானே வாறாய்."

இருநூற்றிருபது கிலோமீற்றர்
பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தன கூடைகள்.
கூலி இல்லாத சாமானுக்குத்தான் சத்தம் அதிகம்.

மருதனார்மடத்தில் நிரோஜனைக் கண்டேன்.
துண்டைக் காட்டினேன்.
அவன் இரண்டு முறை பார்த்தான்,
பிறகு மறுபக்கம் திருப்பி
அங்கேயும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தான்.
"நாப்பத்தெட்டுக்குக் கீழ ரெண்டு பேரும் இறங்கிறேல்லை."
"சத்தியமா?"
"சத்தியம் வேண்டாம் அண்ணை. எனக்கும் லீசிங் இருக்கு."

ஏழரைக்கு என் போன் அடித்தது. "நாப்பத்தெட்டு" என்றேன்.
அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.
"மகள் இப்ப எப்படி?" என்று கேட்டார்.
அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

பிறகு நிரோஜனின் போன். அவனும் நாப்பத்தெட்டு.
இருவரும் சந்தை மதிலில் சாய்ந்து நின்றோம்,
பெரிய ஆட்கள் மாதிரி.

ஒன்பது மணிக்குப் புத்தூர்ப் பக்கமிருந்து
ஒரு புது லொறி வந்தது.
முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டு காயவில்லை.
இருக்கையின் பொலித்தீன் உறை கழற்றவில்லை.
முதல் லீசிங்குக்கு இன்னும் இருபது நாள் இருக்கும் போல.
நிறைந்த பாரத்தோடு
எங்களுக்கு ஹோர்ன் அடித்துக் கையும் காட்டிப் போனான்.

"எவ்வளவுக்கு அண்ணை போறான்?"

நான் பதில் சொல்லவில்லை.
நாளைக்கும் ஏழரை வரும்.
இரண்டு போனும் மதிலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.
இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்காது.
எது முதலில் அடிக்கும் என்று
நானும் பார்க்காத மாதிரிப் பார்த்தேன்,
அவனும்.