எழுநூற்று நாற்பத்தாறு

உபியில், மூன்றாம் மாடியில்,
திருமதி குவெக்கின் பூத்தையல் கூடம்.
பள்ளிச் சின்னம் தைக்கும் இயந்திரத்துக்கு
ஒரேயொரு கணினியின் பேச்சுதான் புரியும்.
அந்தக் கணினிக்கு வயது பத்தொன்பது.
அதன் வட்டு நேற்றிலிருந்து
பல்லை நறநறக்கிறது.

"சின்னதாய் வாங்கி மாட்டு.
நாற்பது ஜிகாபைட் போதும்" என்றாள்.

சிம் லிம் ஸ்குவேரில்
நாற்பது என்றதும் கடைப்பையன்
செல்லாக்காசை நீட்டியதுபோல் பார்த்தான்.
அவனிடம் இருந்ததிலேயே சிறியது
மூன்று டெராபைட்.

மாற்றிப் பலகையைச் செருகி,
கேபிளை மடக்கி, சுவிட்சைத் தட்டினேன்.
கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று
கண்சிமிட்டியது.
கீழே போய்க் கோப்பி-ஓ வாங்கி வந்தேன்.
இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.
பிறகு, பேருந்தில் உறங்கிப்போனவன்
தாண்டிவிட்ட நிறுத்தத்தில் திடுக்கிட்டு எழுந்ததுபோல
ஓர் எண் சொன்னது:
எழுநூற்று நாற்பத்தாறு.

"மிச்சம் எங்கே?"
காசு கொடுத்தவள் கேட்கத்தானே செய்வாள்.

பழைய டாக்சியின் தூரமானியைச் சொன்னேன்.
கடைசிக் கட்டமும் ஒன்பதானால்
அடுத்த அடியில் எல்லாம் பூச்சியம்.
இந்தப் பெட்டிக்கு முகவரி எழுத
முப்பத்திரண்டு கட்டம்தான்.
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு வரை எண்ணி,
எண்ணியதை மறந்து,
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது.

"அப்போது அந்த இரண்டாயிரத்துக்கும்
கடைக்காரன் பணம் திருப்பித் தருவானா?"

நான் பதில் சொல்லவில்லை.
தெம்பனிஸ் பலதுறை மருந்தகத்தின் திரையில்
என் பெயர் வருவது நினைவுக்கு வந்தது.
திருஞானச்செல்வி, தந்தை பெயர் கோதண்டபா.
ஒவ்வொரு முறையும் ணியை விட்டுவிட்டு.
தாதி மேலும் சுருக்கி
"மிஸ் திரு" என்பாள்.
நான் எழுந்து போவேன்.
யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது, கட்டத்திடமா?

மேசை இழுப்பறையில் ஒரு நெகிழ்வட்டு கிடந்தது.
தாய்ப்பலகையின் அடிமனத்தை
அழித்து எழுதும் மருந்து.
போட்டால் எண்ணக் கற்றுக்கொள்ளலாம்.
பாதியில் மின்சாரம் தடுமாறினாலோ
தன் பெயரே தெரியாத இரும்புப் பெட்டி.
காலையில் அறுநூறு சின்னங்கள் போகவேண்டும்.
விரல் நுழைவிசைமேல் நின்றது.
கூரையில் ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.
நெகிழ்வட்டை எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"போதும்" என்றேன்.
"உங்கள் பூக்கள் எல்லாம் சேர்ந்தாலும்
நான்கு ஜிகா."
"அப்படியென்றால் மூன்றை ஏன் வாங்கினாய்?"
என்றாள், அடுத்த மூச்சிலேயே.

பழைய வட்டின் கடைசி மூச்சிலிருந்து
ஒவ்வொரு கோப்பாக இழுத்து முடித்தபோது
மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"சோதனைக்கு எதையாவது தைக்கணும்.
உன் பெயரைச் சொல்லு, முழுசாக."

ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து.
இயந்திரம் பன்னிரண்டோடு
கைகட்டி நின்றுவிட்டது.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.
"அலாமாக்" என்று முணுமுணுத்து
வளையத்தைத் தளர்த்தி,
துணியைக் கீழிறக்கி, மீண்டும் முறுக்கி,
விடுபட்ட மூன்று எழுத்தை
இரண்டாவது பூவாகத் தட்டினாள்.
ஊசிகள் இறங்கின.

மூன்றும் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன.
நூல்கூட வேறு நிறம்;
நீலம் தீர்ந்து பச்சை.

மின்தூக்கிக்குக் காத்திருக்கையில்
கதவுக்குப் பின்னாலிருந்து அந்த ஒலி கேட்டது.
எண்ணில் வந்த எழுநூற்று நாற்பத்தாறும்
வராத இரண்டாயிரத்து நாற்பத்தெட்டும்
ஒரே அச்சில்,
ஒரே வேகத்தில்.